ஒன்பது மாதம் பால் மட்டுமே

1

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் கைக்குழந்தை விஷயமாகக் கேள்வி கேட்டார்கள். ஒருத்தி தபாலில் கேட்டாள். மற்றவள் எங்கள் சமையற்கட்டுப் பின்வாசலில் நின்று கேட்டாள். தபாலில் கேட்டவளுக்கு நாலு பக்கம் பதில் எழுதிவிடலாம். பின்வாசலில் நின்றவளுக்கு வெறும் பதிலால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தபாலில் கேட்டவள் என் தங்கை செண்பகம். சங்கரன்கோவில் பக்கம், எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை, ஆண் குழந்தை, அப்போது ஐந்து மாதம். “இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நீ கண்டிச் சீமையில் இருக்கிறாய். வெள்ளைக்கார டாக்டர்கள் இருக்கிற இடம். குழந்தைக்கு எந்த மாதத்தில் சோறு கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று விசாரித்து எழுது அக்கா” என்று எழுதியிருந்தாள்.

பின்வாசலில் நின்றவள் செல்லாயி. எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். இடுப்பில் மூன்று மாத ஆண் குழந்தையைச் சீலைத் துணியால் சுற்றி வைத்திருந்தாள்.

“அம்மா, உங்க வீட்ல இப்பக் கைப்பிள்ள யாரும் இல்லீங்களா?”

“இல்லியே செல்லாயி. குமாருவுக்கே ஏழு வயசாச்சு.”

“தெரியுங்க. சும்மா கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சும்மா கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் வீட்டில் பால்குடிக் குழந்தை இல்லாத காரணத்தால் அவள் குழந்தைக்குப் பால் கிடையாது. இது என்ன கிறுக்குத்தனமான கணக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஏழு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

நான் தூத்துக்குடியில் கப்பலேறி வந்து இந்தச் சித்திரையோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஹுன்னஸ்கிரிய பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. தோட்டத்தின் பேரை எழுதப்போவதில்லை. காலையில் தப்படித்து ஆள் கூட்டுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டில் யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. வேலைக்கு நின்றவர்களுக்குப் “பேர்” போடுவதும் அவர்தான். பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. பேர் அடிக்கடி விழாவிட்டால் வேலை தீர்ந்தது என்கிற பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

எங்களுக்குத் தனி வீடு, ஓட்டுக்கூரை, முன்னால் கதிரை போட்ட விறாந்தை. பாருங்கள், கதிரை என்று எழுதிவிட்டேன். நாற்காலி என்று சொல்ல வாய் மறந்து வருகிறது. எனக்கே இப்படியென்றால் என் மகன் குமாருவைப் பற்றிக் கேட்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், ஆகவே இவன் “ஆமா” என்பதற்குப் பதில் “ஓம்” என்கிறான். லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு கோலிக்குண்டு ஆடும்போது சிங்களத்தில் ஏசுகிறான். சோற்றை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்குப் பாணும் பருப்பும் தாங்கம்மா” என்கிறான். பேக்கரியில் சுட்ட ரொட்டியைத்தான் இங்கே பாண் என்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கொடுக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

விறாந்தைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சர்ட்டிபிகேட் தொங்குகிறது. கண்டியில் நடந்த குழந்தைகள் கண்காட்சியில் குமாருவுக்குக் கிடைத்தது. ஒன்பது மாதம் வரை பாலைத் தவிர வேறொன்றும் உண்ணாமல் முறைப்படி வளர்க்கப்பட்ட ஆரோக்கியமான குழந்தை என்று இங்கிலீஷில் அச்சடித்து, ஒரு துரைசானியின் கையெழுத்தோடு இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் அதை வாசித்து அர்த்தம் சொல்லுவார். நான் காப்பி எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

அதில் இருப்பது முழுப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

3

குமாருவுக்கு ஐந்து மாதம் முடிந்த சமயம் எனக்குப் பால் குறைந்துபோயிற்று. முருங்கைக்கீரை, பூண்டு, சுறாக் கருவாடு, ஒன்றும் பலிக்கவில்லை. பசும்பால் கொடுத்தால் கக்கினான். டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் பேதியாயிற்று. நான் சாப்பிட உட்கார்ந்தால் என் கை தட்டிலிருந்து வாய்க்குப் போகும் வழி முழுக்க அவன் கண் கூடவே வரும். என் வாய் திறக்கும்போது அவன் வாயும் திறக்கும். ஒரு நாள் எட்டி என் தட்டைப் பிடித்து இழுத்துவிட்டான். இதற்கு மேலும் ஒரு பிள்ளை எப்படித்தான் கேட்கும்?

ஆனால் கேட்டது அவன் என்பதால் யாருக்கும் காதில் விழவில்லை.

கண்டிக்குப் பஸ்ஸில் போய் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் காட்டினோம். அங்கே வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு அட்டையைக் கொடுத்தாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால். நடுவில் அழுதால் அழட்டும், தூக்கக் கூடாது. ஒன்பது மாதம் முடியும் வரை வேறு ஆகாரம் எதுவும் கூடாது. என் வீட்டுக்காரர் அந்த அட்டையைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுப்பிய உத்தரவு மாதிரி அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். புதிதாக ஒரு கடிகாரமும் வந்து சேர்ந்தது.

“பால் இருந்தாத்தானே நாலு மணிக்கு ஒரு தரம் குடுக்கிறதுக்கு?” என்று கேட்டேன்.

“படிச்சவங்க எழுதியிருக்காங்க. நீ ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டாம்” என்றார்.

ஊரிலிருந்து மாமியார் கடிதம் போட்டார். பிள்ளைக்கு முதல் சோறு குலதெய்வம் கோவிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். தை மாதம் நாள் நன்றாக இருக்கிறது. அதுவரை ஒரு பருக்கை நாக்கில் படக் கூடாது. தை மாதத்தில் குமாருவுக்குப் பத்து மாதம் நடக்கும். லீவும் அப்போதுதான் கிடைக்கும். கண்டி மிஸ்ஸியும் என் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்க மாட்டார்கள். என் பிள்ளையின் வயிற்றைக் காயப்போடுகிற விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

பால் இல்லாத தாயிடம் பால் மட்டுமே கொடு என்பது எந்த ஊர் நியாயம்? அந்த மிஸ்ஸி என் உடம்பைப் பார்க்கவில்லை. பிள்ளையை நிறுத்தாள், அட்டையில் குறித்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

4

தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஒரு நீளமான அறை உண்டு. பிள்ளைக்காம்பரா என்பார்கள். வியாழக்கிழமைகளில் தோட்டத்து டிஸ்பென்சர் அங்கே வருவார். மருந்தையா என்று கூப்பிடுவோம். கொழுந்து நிறுக்கிற தராசில் பிள்ளைகளை வைத்து நிறுப்பார். குமாருவையும் நிறுக்கலாம் என்று ஒரு வியாழக்கிழமை தூக்கிக்கொண்டு போனேன்.

செல்லாயியும் நின்றாள். அவளுக்கு அப்போது பேச்சி பிறந்து மூன்று மாதம். அவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பால். மறுநாளிலிருந்து அவளைத் தூர மலைக்குப் போட்டிருந்தார்கள். அங்கே போனால் மத்தியானம் வந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப நேரம் கிடையாது.

“எங்கட தோட்டத்தில மூண்டு மாசத்தில கஞ்சி தொடங்கிறதுதான்” என்றார் மருந்தையா. “நாளையிலிருந்து ஆயா சோத்தைக் கரைச்சுக் குடுப்பா. நீ யோசியாமப் போ.”

செல்லாயி பேச்சியைத் தொட்டிலில் போட்டாள். அடுத்து என் முறை.

“ஐயா, இவனுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. பசி தாங்கல. கொஞ்சம் சோறு மசிச்சுக் குடுக்கலாமா?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ அம்மா, குடுக்கப்படாது. ஒன்பது மாசம் மட்டும் பால் தவிர ஒண்டும் குடுக்கப்படாது. பிஞ்சுக் குடல் எல்லோ.”

“இப்பத்தானே அந்தப் பிள்ளைக்கு மூணு மாசத்தில கஞ்சி குடுக்கச் சொன்னீங்க?”

“அதுகளின்ரை வயிறு வேறை அம்மா” என்றார், என்னவோ எனக்குத் தெரியாத வைத்திய சாஸ்திரம் போல.

இரண்டு குழந்தைகளும் ஒரே தராசில்தான் ஏறி இறங்கின. ஒன்றுக்குக் குடல் பிஞ்சு, ஒன்றுக்குக் குடல் வேறு. பேச்சியின் அம்மாவுக்குப் பால் இருந்தது, ஆனால் அவள் கை கொழுந்துக்கு வேண்டும். என் கை எந்த மலைக்கும் வேண்டாம், ஆனால் எனக்குப் பால் இல்லை. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வைத்தியம் பேசினார் அந்த மனிதர். எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனாலும் குமாருவைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

5

அன்று மாலை, பிள்ளை எடை குறைந்திருக்கிறது என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“செல்லாயிக்குப் பால் நெறைய இருக்குன்னு மருந்தையா சொன்னாரு. அவள நாளைலருந்து இங்க வரச் சொல்றேன். நாலு வேள குமாருவுக்குக் குடுத்துட்டுப் போகட்டும். வீட்டு வேலைன்னு பேர் போட்டுக்கலாம்.”

தேயிலை விலை விழுந்து, ஆளைக் குறைத்து, இருக்கிற ஆட்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மணி நேரம் விட முடியாத அதே செல்லாயியை, என் பிள்ளைக்காக முழு நாள் விட முடிந்தது.

அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பிள்ளை பசியில் இருந்தான். கிடைத்தது என்று வாங்கிக்கொண்டேன்.

செல்லாயி வந்தாள். அவள் ஜாதிக்கு எங்கள் சமையற்கட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் இடம் கிடையாது. அவள் தொட்ட தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்காரவைத்து, குமாருவை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் கை பட்ட சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீட்டில், அவள் பால் மட்டும் என் பிள்ளை தொண்டையில் இறங்கிற்று. அதற்கு எந்தத் தீட்டும் சொல்ல யாரும் வரவில்லை. மாமியாருக்கு எழுதினோம். பரவாயில்லை, சோறுதான் கூடாது என்று பதில் வந்தது.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. குமாருவின் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் செல்லாயி பால் கொடுத்துவிட்டு, சாக்கைச் சுருட்டும்போது, “அம்மா, நான் கொஞ்சம் காம்பராப் பக்கம் போய்ட்டு வரட்டுங்களா? பேச்சிக்கு மூணு நாளா வயித்தால போகுது” என்றாள்.

நானும் கூடப் போனேன். பேச்சி தொட்டிலில் கிடந்தாள். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது, கால் இரண்டும் குச்சி. வாய் ஓரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. செல்லாயி தூக்கி மார்பில் வைத்தாள். பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. தெம்பிருந்தாலும் அங்கே மிச்சம் அதிகம் இருக்கவில்லை. அதை என் மகன் குடித்துவிட்டிருந்தான்.

6

வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி பச்சரிசியைக் குழைய வேகவைத்தேன். பாசிப்பருப்பு கொஞ்சம். மசித்து, ஆறவைத்து, குமாருவை மடியில் போட்டு, ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். நல்ல நாள் பார்க்கவில்லை. தாய்மாமன் மடி இல்லை. அலுமாரிக் கதவில் இருந்த அட்டை என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவன் முகத்தைச் சுளித்தான், சப்பினான், என் விரலைப் பிடித்து மறுபடி வாய்க்குள் இழுத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது.

மகன் இனிச் சோறு தின்பான், செல்லாயியின் பால் அவள் மகளுக்கே போய்ச் சேரும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு விவரமில்லாதவள். நல்லவேளை, வாயைத் திறப்பதற்கு முன் சாப்பாட்டு நேரத்தில் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

“குமாருவுக்குச் செல்லாயி பால் வேண்டாம்னு ஆயிட்டா, அவ என்ன செய்வா?”

“என்ன செய்வா? அடுத்த நாளே மலைக்குப் போவா. சும்மா ஒக்காரவச்சுப் பேர் போட முடியுமா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பிள்ளைக்குப் பசி தீர்ந்தது என்று தெரிந்த மறுநிமிஷம் பேச்சியின் பால் மலைக்குப் போய்விடும். ஆகவே என் பிள்ளைக்குப் பசி தீரக் கூடாது. குறைந்தபட்சம், தீர்ந்தது யாருக்கும் தெரியக் கூடாது.

இன்னொரு சங்கடம் பாக்கி இருந்தது. பேச்சியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். “பிள்ளையக் காம்பராவுல விட்டுட்டு வரட்டும், இங்க ரெண்டு பிள்ள எதுக்கு” என்று முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் அவரிடம் போய் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

“ஏங்க, ரெண்டு நாளா செல்லாயிக்குப் பால் எறங்கமாட்டேங்குது.”

“ஏனாம்?”

“நம்ம மயிலைப்பசு கன்ன அவுத்துவிடாமச் சொரக்குதா? மொதல்ல கன்னு முட்டுனாத்தானே மடி எறங்கும். அவ பிள்ளையும் பக்கத்துல இருந்தாத்தான் நம்ம பிள்ளைக்குக் கெடைக்கும்.”

“அட ஆமா. தூக்கிட்டு வரச் சொல்லு” என்றார், உடனே.

தாய், பிள்ளை என்று பத்து நாளாகக் கண்முன்னே நடந்தது மண்டையில் ஏறவில்லை. பசு, கன்று என்றதும் ஏறிவிட்டது. அதற்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

7

நாலு மாதம் இப்படி ஓட்டினேன். செல்லாயி தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேச்சிக்குப் பால் கொடுப்பாள். நான் அரிசி மூட்டை போட்ட உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு குமாருவுக்குச் சோறு ஊட்டுவேன். வாயைக் கழுவித் துடைத்து, அவனையும் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் அவள் மடிக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். நான் செல்லாயியிடம் என் திட்டத்தைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. முதல் நாள் சாத்தின கதவையும் என் கையில் இருந்த கிண்ணத்தையும் பார்த்தாள். போதாதா? அந்த மாதமே சாக்கை எடுத்துவிட்டுப் பாய் போட்டேன். சொம்பைக் கவிழ்ப்பதையும் விட்டேன். நான் விட்டது அவ்வளவுதான், பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒரு தடவை அகப்பட்டுக்கொள்ளப் பார்த்தோம். மருந்தையா சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கமாக வந்து நின்றார். குமாருவின் தாடையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதென்ன அம்மா, சோறு?”

செல்லாயி சட்டென்று அந்தப் பருக்கையை விரலால் எடுத்தாள். “என் பிள்ளை தின்னதுங்க ஐயா. பக்கத்துல படுத்திருந்துச்சு, ஒட்டிக்கிச்சு” என்றாள்.

“அதுக்குக் குடுக்கலாம், அது பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

பேச்சி அன்றைக்குச் சோற்றைக் கண்ணால் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. வயிறு வற்றி, கால் உருண்டு, செல்லாயியின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

ஒன்பது மாதம் முடிந்து சில நாளில் கண்டியில் கண்காட்சி. நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் செல்லாயியும் வந்தாள், பேச்சியும் வந்தாள். துரைசானி குமாருவின் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். “பால் மட்டும்?” என்று மிஸ்ஸி கேட்டாள். “பால் மட்டும்” என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பந்தலுக்கு வெளியே செல்லாயி இடுப்பில் இருந்த பேச்சியைப் பார்த்து அதே மிஸ்ஸி நின்றாள். “இது யார் பிள்ளை? நல்லாயிருக்கே. போட்டிக்கு எழுதலியா?”

“அது தோட்டத்துப் பிள்ளைங்க” என்றார் என் வீட்டுக்காரர். மிஸ்ஸி போய்விட்டாள்.

அந்த சர்ட்டிபிகேட்டில் அச்சடித்திருப்பதில் பேரையும் மாதக் கணக்கையும் தவிர மற்றதெல்லாம் அநேகமாகப் பேச்சிக்கே பொருந்தும். அவள்தான் பாலில் வளர்ந்தவள். தைமாதம் ஊருக்குப் போனபோது கோவிலில் என் அண்ணன் மடியில் வைத்துக் குமாருவுக்கு முதல் சோறு ஊட்டினோம். பழகின வாய், கரண்டியைக் கவ்விப் பிடித்துக்கொண்டான். சாமி அருள் என்றார் மாமியார்.

8

இப்போது திரும்ப வருகிறேன். செல்லாயி பின்வாசலில் நின்றுவிட்டுப் போன அன்று, இந்தத் தடவை பசுவும் வேண்டாம், கன்றும் வேண்டாம் என்று நேராகவே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அவளுக்கு ஆறு மாசமாவது பக்கத்து மலை போடக் கூடாதா? பிள்ளைக்கு மூணு மாசம்தானே?”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்” என்றார்.

மருந்தையாவிடம் கேட்டேன். “நீங்கள் ஏன் அம்மா இதுகளுக்கெல்லாம் தலையைக் குடுக்கிறியள்?” என்றார். காம்பராவில் கஞ்சி ஆரம்பமாயிற்று. அடுத்த வாரம் பிள்ளைக்குப் பேதியும் ஆரம்பமாயிற்று. பேச்சிக்கு இப்போது ஏழு வயது. அவள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தம்பியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளை அப்படிப் பார்த்த அன்றைக்கே செண்பகத்துக்குப் பதில் எழுதினேன். “உன் பிள்ளைக்கு இங்கே உடனே பசிக்க வேண்டும். புறப்பட்டு வா. கேட்பவர்களிடம் உனக்குப் பால் போதவில்லை என்று சொல். மற்றதை நேரில் சொல்கிறேன்.” என் தங்கை கெட்டிக்காரி. துறைமுகத்துச் சீட்டு, அம்மை குத்தின சீட்டு, புருஷன் சம்மதச் சீட்டு என்று அத்தனை காகிதத்தையும் நாலு வாரத்தில் சேர்த்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“இவளுக்கும் பால் பத்தலையா?”

“பத்தலை” என்றேன்.

“சரி. செல்லாயிய நாளைலருந்து வரச் சொல்றேன். பிள்ளையையும் தூக்கிட்டு வரட்டும், இல்லாட்டி எறங்காது.” கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இந்தத் தடவ உள்ளறை ஜன்னலையும் சாத்திக்கோ. போன தடவ பருப்பு வாசம் விறாந்தை வரைக்கும் வந்துச்சு.”

ஏழு வருஷமாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சர்ட்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டினார், தெரிந்துகொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் அர்த்தம் சொன்னார்.

நல்ல மனுஷன் என்று நீங்கள் நினைக்கலாம். செண்பகம் அப்படித்தான் சொன்னாள். எனக்கு முன்னைவிட ஆத்திரம்தான் பொங்கிற்று.

“தெரிஞ்சிருந்தும் ஏன் நேரா நான் கேட்டப்ப முடியாதுன்னீங்க? பொய்க்குப் போட்ட பேர உண்மைக்குப் போட்டா என்ன?”

“நீ வேற” என்றார். “கொழுந்துன்னு எழுத எடம் இருக்கு. கவ்வாத்துன்னு எழுத எடம் இருக்கு. வீட்டு வேலைன்னு எழுத எடம் இருக்கு. தன் பிள்ளைக்குப் பால் குடுக்கிறான்னு எழுத அந்தப் புஸ்தகத்துல எடம் எங்க இருக்கு?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

இப்போது பின்கட்டுத் தாழ்வாரத்தில் செல்லாயி தன் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து மாதம் ஆகிறது, பேதி நின்றுவிட்டது. பேச்சி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். உள்ளறையில் செண்பகம் பிள்ளைக்குச் சோறு மசிக்கிறாள். “எந்த மாசத்திலிருந்து குடுக்கணும்னுதானே அக்கா கேட்டேன், நீ இன்னும் பதிலே சொல்லலையே” என்கிறாள். ஜன்னலைச் சாத்து என்று மட்டும் சொன்னேன்.

பத்திராதிபர் அவர்களே, இதை இப்போது எழுதுவதால் விஷயம் வெளியாகிவிடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மருந்தையா வாசிப்பார். ஆனால் நான் அனுப்புகிற எதுவும் உங்களிடம் அச்சாகி, தபாலில் சேர்ந்து, கப்பலேறி இங்கே வர நாலு மாதம் எடுக்கிறது. அதற்குள் செல்லாயியின் மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிடும்.

அவசரமே இல்லை. நிதானமாக அச்சிடுங்கள்.